அலமாரியின் மேல்தட்டில் இருந்த வரைபடங்கள்

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் தேர்வுப் பிரிவுக்கு ஒரு புதிய ஏற்பாடு வந்தது. மதிப்பெண்ணில் குறை இருப்பதாக நினைக்கும் மாணவர் இனி நேரில் வர வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பித்துவிடலாம். எந்தக் குறைக்கு எந்தக் கட்டம் என்று பட்டியல் தயார் செய்யும் வேலை மௌமிதாவுக்கு. கெட்டிக்காரப் பெண், ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள்.

"நொட்டோராஜ்-தா, எம்.ஏ. ஆய்வேட்டு மார்க்குக்கு அப்பீல் உண்டா, இல்லையா? விதியில இல்லைன்னு இருக்கு. ஆனா ஒருத்தருக்கு நடந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

என் பெயர் நடராஜன். கொல்கத்தாவில் முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்ததில் நொட்டோராஜ் ஆகிவிட்டேன்; 'தா' என்றால் அண்ணன். நடந்தது உண்மைதான், அந்த ஃபைலைத் தேடி எடுத்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது.

அப்பா துறைமுக வேலையாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது, ஜாதவ்பூரில் வீடு பிடித்தது எல்லாம் இந்த ஊரில்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அதில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து, மூன்று வருடம் தபால் ஒட்டினேன், நான்கு வருடம் மதிப்பெண் பட்டியல் கூட்டினேன். அதற்குப் பிறகு ரகசியப் பிரிவுக்கு வந்தேன். தேர்வாளர்களுக்கு ஆய்வேடுகளை அனுப்பி, உறையிட்ட மதிப்பெண்ணை வாங்கிப் பூட்டி வைக்கும் இடம் அது. அங்கேதான் பாதுரி சாரிடம் சிக்கினேன்.

அவர் டெபுடி கன்ட்ரோலர். ஒல்லி, உயரம், வெள்ளை வேட்டிக்குக் கறுப்புக் குடை. யார் குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "ஆகே போஷோ." முதலில் உட்கார் என்று அர்த்தம். அவர் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலி அவருடையதைவிட நல்ல நாற்காலி. வந்தவர் உட்கார்ந்த பிறகு விண்ணப்பத்தை அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவார். "நீ சொல்ல வந்தது இதுதானா?" என்று கேட்பார். பாதிப் பேர் இல்லை என்பார்கள். உடனே புதுத் தாள் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வார். ஒரு விண்ணப்பத்துக்கு அரை மணி நேரம் போகும். நாங்கள் பின்னால் நின்று பல்லைக் கடிப்போம்.

அவருடைய இன்னொரு பிடிவாதம் சாவிப் பதிவேடு. ஆய்வேடுகள் இருக்கும் ஸ்ட்ராங் ரூமை யார் திறந்தாலும் பெயர், மணி, எதற்காகத் திறந்தார், எதை எடுத்தார் என்று எழுதியாக வேண்டும். ஒவ்வொரு மாலையும் ஐந்தரைக்கு அதை வரவழைத்து, வரிவரியாகப் பார்த்துச் சின்னதாகக் கையெழுத்திடுவார். ஒரு துடைப்பத்தை எடுக்கத் திறந்தாலும் எழுத வேண்டும். பெரிய தலைவலி என்று நினைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், முடிவுகள் வந்த வாரம், ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள்.

"மாமா, நான் சுகந்தி. லேக் மார்க்கெட்ல முறுக்கு, மிக்சர் கடை வச்சிருக்காரே செல்லையா, அவர் பொண்ணு."

செல்லையாவைத் தெரியாத தமிழன் தென் கொல்கத்தாவில் கிடையாது. காப்பிப் பொடி, அப்பளம், தீபாவளிக்கு அதிரசம் எல்லாம் அவரிடம்தான். திருநெல்வேலிக்காரர். மகள் புவியியலில் எம்.ஏ. முடித்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அவளுடைய ஆய்வேட்டுக்கு எங்கள் ஊர்த் தேர்வாளர் எழுபத்திரண்டு போட்டிருந்தார். வெளியூர்த் தேர்வாளர் நாற்பத்து மூன்று. இரண்டுக்கும் இடையே முப்பது வித்தியாசம் இருந்தால் மூன்றாம் ஆளிடம் போகும். இவளுக்கு இருபத்தொன்பது. அந்த ஆய்வேடு இழுத்த இழுப்பில் மொத்தமும் ஐம்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அதற்குக் கீழே போனால் ஆராய்ச்சிக்குச் சேர முடியாது, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத முடியாது. இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது ஆய்வேட்டின் மொத்த மதிப்பெண் மட்டும்தான்.

"ஆய்வேட்டுக்கு மறுமதிப்பீடு கிடையாதும்மா. கூட்டல் சரியான்னு வேணா பாக்கலாம்."

"மார்க் கூட்டித் தர வேண்டாம் மாமா. ஏன் கொறைஞ்சதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒரு மழைக்காலம் முழுக்க மொழக்கோலை வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா தண்ணில நடந்து போட்ட மேப்பு. அதை யாராச்சும் பாத்தாங்களா?"

அவளைப் பாதுரி சாரிடம் அழைத்துப் போனேன். உட்கார வைத்தார். விண்ணப்பத்தைப் படித்துக் காட்டி, இதுதானா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். இரண்டாவது தாளில், "என் வரைபடங்களைத் தேர்வாளர் பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன்" என்று எழுதினாள். விதியில் அப்படி ஒரு விண்ணப்பத்துக்கு இடமே இல்லை. அவர் அதைப் பெற்றுக்கொண்டு, கூட்டலைச் சரிபார்த்து நோட் போடும்படி என்னிடம் தந்தார்.

அன்று திங்கட்கிழமை. மூன்று பத்துக்கு ஸ்ட்ராங் ரூமைத் திறந்தேன். மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன், கூட்டல் சரி. தாளைத் திரும்ப வைக்கும்போது அலமாரியின் மேல்தட்டில் சிவப்பு நாடா கட்டிய ஓர் அகலமான அட்டைக் கட்டு கண்ணில் பட்டது. இறக்கித் தூசி தட்டினேன். சுகந்தியின் பெயர். உள்ளே பதினான்கு வரைபடங்கள்.

முந்தின அக்டோபரில் நடந்தது முழுவதும் அந்த நிமிடமே நினைவுக்கு வந்தது. துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் அது. இந்த ஊரில் அந்த நாளில் அலுவலகம் என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் பாதி நாற்காலி காலி, வெளியே பூஜைக்கு டாக் மேளம் அடித்துப் பார்க்கிறார்கள், நமக்கும் வீட்டுக்கு ஓட வேண்டும். வெளியூர்த் தேர்வாளருக்கு ஆறு ஆய்வேடு போக வேண்டும். காடாத் துணியில் வைத்துத் தைக்கும்போது இந்த வரைபடக் கட்டு மட்டும் அகலம் அதிகமாகி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடித்தால் வரைபடம் பாழாகும். பலகை வைத்துத் தனியாக அனுப்பலாம் என்று மேல்தட்டில் வைத்தேன். 'ஆய்வேடு ஆறு' என்று கடிதத்தில் எழுதி அரக்கு வைத்து அனுப்பினேன். பூஜை முடிந்து திரும்பி வந்தபோது என் மூளையில் அது இல்லவே இல்லை.

உறையிலிருந்த தேர்வாளரின் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். "பக்கத்துக்குப் பக்கம் வரைபடத்தைப் பார்க்கவும் என்கிறார். ஒரு வரைபடமும் இல்லை. சொல்வதை நிரூபிக்கும் பழக்கம் மாணவிக்கு இல்லை." அந்தக் கடைசி வரி இன்றும் எனக்கு மனப்பாடம்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கட்டைச் செய்தித்தாளில் சுற்றி என் இருக்கைக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியின் இடுக்கில் செருகினேன். பதிவேட்டில் 'மறுகூட்டல் சரிபார்ப்பு, எடுத்தது எதுவுமில்லை' என்று எழுதினேன். அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அது ஒன்று. தமிழன் தமிழ்ப் பெண்ணுக்காக எதையோ கண்டுபிடித்துவிட்டான் என்று பேசுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் கொஞ்சம் கௌரவமாக இருந்ததால் அதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பிப் பொடி தீர்ந்துபோனது என்று மனைவி சொன்னாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் லேக் மார்க்கெட்டுக்குத்தான் போனது. சுகந்தி கல்லாப் பக்கம் நின்று மிக்சர் நிறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா மாமா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்மா."

செல்லையா என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிட மாட்டேங்கா சார். மார்க்கு போனாப் போகுது, நமக்குக் கடை இருக்குல்லான்னு சொன்னேன். அதைச் சொன்ன பொறவுதான் ரொம்ப அழுதா. நான் என்னத்தத் தப்பா சொல்லிட்டேன்?"

காப்பிப் பொடியை வாங்காமலேயே வீட்டுக்கு வந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை காலை பாதுரி சார் குடையை ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டோடு உள்ளே போனேன். பூஜைக்கு முந்தின நாள் கதை முழுவதையும், அந்தப் பெண் சாப்பிடாமல் இருப்பதையும் சொன்னேன். "இன்னிக்குக் காலைல ஸ்ட்ராங் ரூம் அலமாரில பாத்தேன் சார்" என்றும் சொன்னேன். அந்த ஒரு பொய் எப்படி வந்தது என்று தெரியவில்லை, தயாராக வாயில் இருந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆகே போஷோ" என்றார். அந்த நல்ல நாற்காலியில் அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாடாவை அவிழ்த்து, வரைபடங்களை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்துப் பார்க்க ஆரம்பித்தார். தெருத்தெருவாக, மழை நின்ற பிறகு எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது, எத்தனை அங்குலம் என்று நீலத்தில் அழுத்தமும் லேசுமாகத் தீட்டியிருந்தாள். மூலையில் ஒவ்வொரு நாளும் அளந்த நேரம். ஒன்பதாவது வரைபடத்தில் விரலை வைத்து, "இது உன் தெருதானே? சரியா இருக்கா?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். எங்கள் குழாயடி, முனையில் இருக்கும் சைக்கிள் கடை, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும் பள்ளம். என் வீட்டு வாசலில் ஒன்பது அங்குலம். வருஷா வருஷம் பேண்டை மடித்துக்கொண்டு நான் இறங்கும் அதே ஒன்பது அங்குலம்.

"சரியா இருக்கு சார். அப்படியே இருக்கு."

"நிரூபிக்கற பழக்கம் இல்லைன்னு இவளைப் போயா எழுதியிருக்கார்!" என்றார். கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தக் கோபமும் என்மேல் இல்லை.

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். ஆய்வேட்டு விதியை இரண்டு முறை விரல் வைத்துப் படித்தார். மறுமதிப்பீடு கூடாது என்று தெளிவாக இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் பேனாவைத் திறந்து, துணைவேந்தருக்கு நோட் எழுதினார். அதன் சாரம் இதுதான்: ஒரு முறை மதிப்பிட்டதை மறுபடி மதிப்பிடக் கூடாது, சரி. இந்த ஆய்வேடு இன்னும் முழுதாக மதிப்பிடப்படவே இல்லை, ஏனென்றால் அதில் ஒரு பகுதியை நாம் அனுப்பவே இல்லை. ஆகவே நாம் கேட்பது மறுமதிப்பீடு இல்லை, தொடங்கிய மதிப்பீட்டை முடித்துத் தருவது. விதியை ஒரு எழுத்துக்கூட மீறாமல் அதற்குள்ளேயே அந்தப் பெண்ணுக்கு வழி கண்டுபிடித்தார். இருபது வருடம் அதே புத்தகத்தைப் புரட்டிய பெரியவர்கள் எத்தனையோ பேர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு இது தோன்றியிருக்காது. தோன்றினாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நான் செய்த தவறைப் பற்றி என்னையே ஒரு பத்தி எழுதச் சொன்னார். 'நான் அனுப்பத் தவறினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். 'நான்' என்பதை அடித்துவிட்டு 'இந்த அலுவலகம்' என்று போட்டார்.

அனுமதி வந்தது. தேர்வாளருக்குக் கடிதம் நான் வரைந்தேன். மாணவியின் எதிர்காலம், ஏழைக் கடைக்காரர் மகள், சில மதிப்பெண்ணில் வாய்ப்பு போகிறது என்று உருக்கமாக எழுதியிருந்தேன். பாதுரி சார் எல்லாவற்றையும் அடித்தார்.

"ஏன் சார்? உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அதைப் படிச்சிட்டு அவர் மார்க் போட்டா, அது மேப்புக்குக் கெடைச்ச மார்க்கா, அழுகைக்குக் கெடைச்ச மார்க்கா? அந்தப் பொண்ணு கேட்டது என்ன? மேப்பைப் பாத்தாங்களான்னு. அதை மட்டும் செய்வோம்."

மிஞ்சியது ஏழு வரிகள். எங்கள் தவறால் வரைபடங்கள் வந்து சேரவில்லை, இப்போது அனுப்புகிறோம், பார்த்துவிட்டு உங்கள் மதிப்பெண்ணை எழுதுங்கள், பழைய மதிப்பெண்ணே சரி என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். அவ்வளவுதான். வரைபடக் கட்டை இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவில் வைத்து நான் தைத்தேன். அரக்கை அவரே உருக்கி முத்திரை வைத்தார். டெபுடி கன்ட்ரோலர் அரக்கு உருக்குவதைப் பார்க்கச் செக்‌ஷனே வாசலில் நின்றது.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. வழக்கப்படி மூன்று பேர் முன்னால் பிரித்தோம். எழுபத்தொன்று. கீழே, "வரைபடங்களைப் பார்த்தேன். என் முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவது போல் சமாளித்தேன். பாதுரி சார், தேர்வாளர் மதிப்பெண்ணை எழுத்தாலும் எழுதியிருக்கிறாரா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தியை வரவழைத்து உட்கார வைத்தார். பிறகு தான் எழுந்து நின்றார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உன் வரைபடங்களை இந்த அலுவலகம் அனுப்பல. தப்பு எங்களுடையது. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். அவள் பதறி எழப் பார்த்தாள். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாட்டில் எத்தனை அதிகாரிகள் ஒரு மாணவியின் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒருவரைத்தான்.

வெளியே வரும்போது சுகந்தி என்னிடம், "ரொம்ப நன்றி மாமா, நீங்கதானே தேடிக் கண்டுபிடிச்சீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. அவள் ஆராய்ச்சி முடித்து ஒரு கல்லூரியில் பேராசிரியை ஆனாள். மழைக்காலத்தில் மாணவர்களை முழக்கோலோடு தண்ணீரில் இறக்கிவிடுகிறாள் என்று செல்லையா பெருமையாகச் சொல்வார். இப்போதும் சாயங்காலம் அப்பாவின் கடைக்கு வந்து கல்லாவில் நிற்பாள்.

இவ்வளவும்தான் மௌமிதாவிடம் சொல்ல இருந்தேன். ஃபைலை எடுத்துத் தூசி தட்டியபோது பின்னட்டை உறையில் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த ஒரு தனித் தாள் இருந்தது. அது போனதும் வந்ததும் மூடிய உறையில், நான் பார்த்ததே இல்லை. தவறு எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, உதவியாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா என்று மேலே கேட்டிருந்தார்கள். கீழே பாதுரி சாரின் கையெழுத்து.

"சாவிப் பதிவேட்டின்படி உதவியாளர் கடைசியாக அறையைத் திறந்தது திங்கள் மூன்று பத்துக்கு. செவ்வாயும் புதனும் சாவி வெளியே எடுக்கப்படவில்லை. புதன் காலையில் கண்டெடுத்ததாக என்னிடம் சொன்னார். விளக்கம் கேட்கவில்லை. அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். தேதியையும் அவரே திருத்துவார் என்று நம்புகிறேன்."

வருடக்கணக்காக அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான். அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவர் ஓய்வு பெறும்வரை தினமும் என் முகத்தைப் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அலிப்பூருக்குப் போனேன். பாதுரி சார் அங்கே தன் மகனுடைய வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார், காது மந்தம், மற்றபடி அதே ஒல்லி. வாசலிலேயே நின்று, "சார், திங்கட்கிழமை" என்று உரக்கச் சொன்னேன்.

"ஆகே போஷோ."

உட்கார்ந்தேன்.

"ஜானி" என்றார். தெரியும் என்று. பிறகு கேட்டார், "ஃபைல்ல எழுதிட்டியா?"

"இல்ல சார். முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு..."

"எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. என் நோட்டுக்கு அடுத்த பக்கம் காலியாத்தான் விட்டிருக்கேன், அதுல எழுது. நகல் யாருக்குன்னு போடுவ?"

சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

"அந்த ரெண்டு நாள் யார் சாப்பிடாம இருந்தாங்களோ அவங்களுக்குப் போடு" என்றார்.

மௌமிதாவின் பட்டியலில் 'ஆய்வேடு முழுமையாக மதிப்பிடப்படவில்லை' என்று ஒரு கட்டம் இப்போது இருக்கிறது. என் கடைசி வேலை நாளில், சால்வை போர்த்தும் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால், அந்த ஃபைலை எடுத்துக் காலியாக இருந்த பக்கத்தில் எழுதினேன்.

"வரைபடக் கட்டை நான் கண்டெடுத்தது திங்கட்கிழமை மாலை மூன்று பத்துக்கு. புதன்கிழமை காலை என்று நான் சொன்னது பொய். இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். நடராஜன்.

நகல்: முனைவர் செ. சுகந்தி. நேரில் கொடுக்கப்படும்."

கூட்டம் முடிந்ததும் மாலையைக் கழற்றி மௌமிதாவிடம் கொடுத்துவிட்டு, நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினேன்.